கோச்சுக்குப் போட்ட பொன்னாடை

எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் சங்கர் சார் பொன்னாடையை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு எம்பினார். எட்டவில்லை. இன்னொரு தடவை எம்பினார். அப்போதும் எட்டவில்லை. மேடையில் நின்ற கோச் ஸோரான், ஆறடிக்கு மேலே எங்கேயோ போய் முடிகிற மனிதர். கடைசியில் அவரே இரக்கப்பட்டுக் குனிந்தார். சரிகை போட்ட மெரூன் துணி அவர் தோளில் விழுந்தது.

ஹால் முழுக்கக் கைதட்டல். பரதநாட்டியம் ஆடி முடித்த பிள்ளைகள் சலங்கையைக் கழற்றாமல் நாற்காலிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தார்கள். பின்பக்கத்திலிருந்து பிரியாணி வாசனை. சமைத்தது நான் என்பதால் வாசனை அருமையாக இருந்தது என்றே எழுதுகிறேன்.

சங்கர் சார் தமிழில் நீளமாகப் பேசினார். பிறகு, கோச்சுக்கும் புரிய வேண்டுமே என்று, ஒரே ஒரு வரியை இங்கிலீஷில் சொன்னார்: “உங்கள் சேவையை நாங்கள் என்றைக்கும் மறக்க மாட்டோம்.”

கோச் முகம் வெளுத்தது. ஏற்கெனவே வெள்ளைக்காரர். அதற்கு மேலும் வெளுக்க இடம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது.

“பாவம்ங்க, நம்ம ஜனங்க பாசத்தப் பாத்து ஆடிப் போய்ட்டாரு” என்றாள் என் மனைவி ஜெமிலா.

நானும் அப்படித்தான் நினைத்தேன். கோச் மேடையை விட்டு இறங்கி வந்து எங்கள் கால்பந்து டீம் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். என்னிடம் வந்ததும் கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றி, என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். பிறகு சாப்பிடாமல் போய்விட்டார்.

என் பிரியாணியைச் சாப்பிடாமல் ஒரு மனிதன் போகிறான் என்றால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது. அது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. கிரேவி தீர்ந்துவிட்டதா என்று பார்க்க ஓடிவிட்டேன்.

எனக்கும் பந்துக்கும் உள்ள உறவு

போன வாரம் இதே பக்கத்தில் எழுதிய, டிரைவிங் டெஸ்ட்டில் நான் போலீஸ் காரை உரசிய கதையைப் படித்துவிட்டு, டெக்சாஸிலிருந்து ஒரு ஆன்ட்டி மெசேஜ் அனுப்பியிருக்கிறார். “தம்பி, நீங்க வாழ்க்கைல எதுலயாச்சும் பாஸ் பண்ணியிருக்கீங்களா?”

எட்டாம் வகுப்பில் பாஸ், ஆன்ட்டி. ஒன்பதாம் வகுப்பு வாத்தியாரும் நானும் சில வருஷம் ஒன்றாகவே அந்த வகுப்பில் இருந்தோம். அவர் ரிட்டயர் ஆனார். துணைக்கு ஆள் இல்லாமல் நானும் வெளியே வந்துவிட்டேன்.

சொந்த ஊர் அதிராம்பட்டினம். கோடை வந்தால் அங்கே கால்பந்துத் தொடர் நடக்கும், ஊரே மைதானத்தில் இருக்கும். இந்த ஒரு தகவலை வைத்துக்கொண்டு நியூஜெர்சியில் நானும் ஒரு கால்பந்து வீரன் என்று பல வருஷம் ஓட்டிவிட்டேன். ஊரில் என் வேலை மைக்கில் கத்துவது. பந்து என் காலில் பட்டதைவிட மூக்கில் பட்டதுதான் அதிகம்.

மச்சான் தயவில் அமெரிக்கா வந்து, ஐசலினில், ஓக் ட்ரீ ரோட்டில், ஒரு நகைக்கடைக்கும் ஒரு புடவைக்கடைக்கும் நடுவே சின்னதாக ஒரு சாப்பாட்டுக்கடை வைத்தேன். நாற்பது தாண்டிய தமிழர்களுக்காக எங்கள் சங்கத்தில் ஒரு எழுவர் டீம் உண்டு. கேப்டன், சங்கர் சாரேதான். பேங்க்கில் ஐ.டி. மேனேஜர். மற்றவர்கள் சாஃப்ட்வேர், ஒரு பல் டாக்டர், ஓரத்தில் நான். எங்கள் மேட்சில் பந்து பறப்பதைவிட முட்டிக்கு அடிக்கிற ஸ்ப்ரே பறப்பது அதிகம்.

குறடு விழுந்த நாள்

ஸோரான் என்பது அவருடைய நிஜப் பெயர் இல்லை. “பேரப் போடாத, எங்க ஊர்ல இன்னும் ரெண்டு கிளப் பிரசிடென்ட் உயிரோட இருக்கான்” என்று சொல்லியிருக்கிறார்.

செர்பியாக்காரர். எடிசனில் இருக்கும் மகள் வீட்டோடு வந்து தங்கியிருந்தார். பேத்தியை டேகேரில் விட்டுவிட்டு தினமும் என் கடைக்கு வருவார். ஓரத்து மேஜை, இரண்டு பரோட்டா. பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுப்பார். சுட்ட சிவப்புக் குடைமிளகாயை மசித்துச் செய்த அவங்க ஊர்த் துவையல். அதைப் பரோட்டாவில் தடவிச் சாப்பிடுவார். என் சால்னாவைத் தொடவே மாட்டார். எனக்கு மானம் போகும்.

ரிட்டயர் ஆன லாரி டிரைவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு நாள் கிச்சன் சிங்க் அடைத்துக்கொண்டது. பிளம்பர் வந்தார். வேலை பாதியில் ஒரு துணி கேட்க வெளியே வந்தவர், ஓரத்து மேஜையைப் பார்த்தார். கையிலிருந்த குறடு தரையில் விழுந்தது. ஏதோ பாஷையில் கேட்டார். ஸோரான் வாயில் பரோட்டாவோடு தலையை ஆட்டினார். பிளம்பர் அழ ஆரம்பித்துவிட்டார்.

உள்ளே தண்ணீர் கொட்டுகிறது. “அண்ணே, தண்ணி...” என்றேன்.

“தண்ணி கெடக்கட்டும்யா! இது யாருன்னு தெரியுமா உனக்கு? இவர் கோல் அடிச்ச அன்னைக்குத்தான் எங்கப்பா சண்டைய மறந்து எங்கம்மாவக் கட்டிப் புடிச்சாரு. அதனாலதான் நான் பொறந்தேன்!”

இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். நான் தண்ணீரைத் துடைத்தேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். அவர்கள் எல்லாரும் என்னிடம் பேசியது இங்கிலீஷ்தான். ஸோரானுடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் ஒரே ஸ்கூலில் ஃபெயில் ஆனவை. அதனால் எங்களுக்குள் பிரமாதமாக ஒத்துப்போகும். அப்படியே எழுதினால் இரண்டு பேர் மானமும் போகும் என்பதால் தமிழில் எழுதுகிறேன்.

தூக்கப்பட்டவரின் சரித்திரம்

அன்றையிலிருந்து கூட்டம் இல்லாத நேரத்தில் அவர் எதிரில் உட்கார்ந்து கதை கேட்பேன்.

அப்பாவுக்கு ஆற்றங்கரையில் சர்க்கரை ஆலையில் வேலை. பையன் பீட்ரூட் வயலில் பந்து விளையாடி வளர்ந்தவன். பெல்கிரேடில் பெரிய டீம், பிறகு நாட்டுக்கே ஆட்டம், பிறகு ஸ்பெயின். ஸ்பெயினில் ஒரு கடைக்காரர் இவர் பெயரில் ஐஸ்கிரீமே போட்டாராம். “எப்டி இருக்கும் கோச்?” என்று கேட்டேன். “சீக்கிரம் உருகிரும். என் முட்டி மாதிரி” என்றார்.

முட்டி போனதும் கோச் ஆனார். அங்கேதான் வேடிக்கை.

“ஆடுறப்ப என்னைய வாங்க க்யூ நின்னாங்க. கோச் ஆனப்புறம் தூக்க க்யூ நின்னாங்க.”

சொந்த ஊர் கிளப்பில் பிரசிடென்ட் டி.வி.யில் வந்து, “கோச் மேல் எங்களுக்கு முழு நம்பிக்கை இருக்கிறது” என்றார். மறுநாள் காலையில் இவர் பார்க்கிங்கில் வேறு ஒருத்தன் கார் நின்றது. கிரீஸில் விருந்து வைத்து, பாட்டுப் பாடி, இவர் முகம் போட்ட கேக்கை வெட்டினார்கள். இவர் வாய்க்கு வந்தது இவருடைய மூக்கு. அதைத் தின்று முடிப்பதற்குள் வேலை போய்விட்டது. வளைகுடாவில் ஒரு கிளப்பில் கம்பளம் விரித்து, ஊது என்கிற வாசனைக்கட்டைப் புகை போட்டு, தங்க பார்டர் வைத்த அங்கியைத் தோளில் போர்த்தி, ‘உங்கள் சேவையை மறக்க மாட்டோம்’ என்றார்கள். வெளியே வந்தால் ஏர்போர்ட் போகிற கார் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு ரெடியாக நின்றது.

“ஒண்ணு தெரிஞ்சுக்கோ” என்றார் என்னிடம். “பிரசிடென்ட் திட்டுனா வேல இருக்குன்னு அர்த்தம். தோள்ல துணி போட்டா பொட்டியக் கட்டணும்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. துவையல் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே, “ஒரு சீசன்... ஒரே ஒரு சீசனக்கூட நான் முழுசா முடிச்சதில்ல. கடைசி மேட்ச எப்பவும் வீட்ல டி.வி.லதான் பாப்பேன். நான் சேத்த டீம வேற எவனோ நடத்திட்டு இருப்பான். ஒரு தடவ அந்தக் கடைசி விசில மைதானத்துல நின்னு கேக்கணும்” என்றார்.

எனக்குப் படிப்புதான் இல்லை, வாய் இருக்கிறது. “எங்க டீமுக்கு வாங்க கோச். எங்களயெல்லாம் எவனும் தூக்க மாட்டான். எங்க வெயிட்டு அப்டி.”

வந்தார்.

மரம்

அந்தக் கோடை சீசனில் நாங்கள் பட்ட பாட்டை என் முட்டியிடம் கேளுங்கள். மேட்ச் அன்றைக்குக் காலையில் பிரியாணி கூடாது என்றார். தமிழன் வீட்டில் இதைச் சொல்லிவிட்டு உயிரோடு போனவர் அவர் ஒருத்தர்தான். சங்கர் சாரிடம், “பந்து கால்ல இருக்கறப்ப பேசாத” என்றார். சங்கர் சாருக்கு இரண்டு நாள் காய்ச்சல்.

என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கோலுக்கு முன்னால் ஒரு இடத்தைக் காட்டினார்.

“நீ மரம். இங்க நில்லு. மரம் ஓடாது, மரம் யோசிக்காது. பந்து பட்டா திரும்பிப் போகும், அவ்ளோதான்.”

என் திறமையை இவ்வளவு சரியாக யாரும் கண்டுபிடித்ததில்லை. சில மேட்ச் ஜெயிக்கக்கூடச் செய்தோம். ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் கோச் என் கடைக்கு வந்து, இன்னும் எத்தனை மேட்ச் பாக்கி என்று விரல் விட்டு எண்ணிப் பார்ப்பார், நோன்புப் பெருநாளுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி.

கடைசிக்கு முந்தின மேட்சில் மோசமாகத் தோற்றோம். சங்கர் சார் அவர் தோளைத் தட்டி, “கவலைப்படாதீங்க கோச், உங்க மேல எங்களுக்கு முழு நம்பிக்கை இருக்கு” என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அடுத்த சனிக்கிழமை சங்கத்தின் ஆண்டு விழா. உலகப் புகழ் பெற்ற ஆளை வைத்துக்கொண்டு சிறப்பு விருந்தினருக்கு எங்கே அலைவது? மேடையில் ஏற்றிவிட்டோம்.

அவர் கதையெல்லாம் கேட்டிருந்தவன் நான் ஒருத்தன். எனக்காவது பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. ஏனென்றால் பொன்னாடை எங்களுக்கு ஒரு துணியே இல்லை. கூட்டம் என்றால் மைக் இருக்கும், தண்ணீர் பாட்டில் இருக்கும், அது போல அதுவும் இருக்கும்.

சுமையா சொன்ன தீர்ப்பு

அடுத்த பிராக்டிஸுக்குக் கோச் வரவில்லை. போன் எடுக்கவில்லை. கடைசி மேட்சுக்கு முந்தின பிராக்டிஸ் அது. பல் டாக்டர், “உடம்பு சரியில்லையோ?” என்றார். சங்கர் சார், “அவ்ளோ பெரிய மரியாதை செஞ்சிருக்கோம், ஒரு தேங்க்ஸ்கூட சொல்லல பாருங்க” என்று வருத்தப்பட்டார். நான் கோச்சின் விசிலை ஊதினேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றைக்குத் திரும்பும்போது என் கடை வேனில் மகள் சுமையாவும் இருந்தாள். ஒன்பதாவது படிக்கிறாள், வாப்பாவைத் தாண்டிப் போய்விடுவாள். தமிழ் எல்லாம் புரியும், வாய் மட்டும் இங்கிலீஷ். நான் நடந்ததையெல்லாம் புலம்பினேன். விசில், கை கொடுத்தது, சாப்பிடாமல் போனது.

போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: “வாப்பா, யூ கைஸ் ஃபயர்ட் ஹிம்.” அதாவது, நாங்களே அவரைத் தூக்கிவிட்டோமாம்.

“ஏய், பொன்னாடை போட்டோம்மா!”

“எக்ஸாக்ட்லி.”

தோளில் துணி. மறக்க மாட்டோம். முழு நம்பிக்கை. மூன்றும் சேர்ந்து என் மண்டையில் இறங்கியபோது சிக்னல் பச்சையாகி, பின்னால் இருந்தவர்கள் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள். வண்டியை எடிசன் பக்கம் திருப்பினேன்.

வேனுக்குள் விசாரணை

கோச்சின் மகள் கதவைத் திறந்தாள். அப்பா உயரம், அப்பா குரல்.

“எங்கப்பாவ எத்தனையோ பேர் தூக்கியிருக்காங்க. டான்ஸ் ஆடித் தூக்கினது நீங்கதான். சின்னப் பசங்கள வேற ஆட விட்டுருக்கீங்க!”

“இல்லம்மா, அது...”

பின்னால் கோச் வந்தார். ஷேவ் பண்ணாத முகம். “விடு மிலா. இவன் என்ன பண்ணுவான், இவன் மரம்” என்றார்.

நான் விளக்கினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். எல்லா பிரசிடென்ட்டும் இப்படித்தான் அப்புறம் ஆள் அனுப்பிச் சமாதானம் சொல்வார்கள், தெரியும் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. அதைப் படிக்க ஒன்பதாம் வகுப்பு தேவையில்லை.

சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்று கையைப் பிடித்து வேனுக்கு இழுத்துக்கொண்டு போனேன். மிலாவும் பின்னாலேயே வந்தாள். பின்கதவைத் திறந்தேன். உள்ளே அன்றைய ஆர்டருக்கான பெரிய பிரியாணி அண்டா. சூடு போகாமல் இருக்க அதைச் சுற்றிப் பொன்னாடைகள். பச்சை, மெரூன், ஊதா, எல்லாம் சரிகையோடு.

கோச் உற்றுப் பார்த்தார். “இதெல்லாம் யாருது?”

“எல்லாம் எனக்குப் போட்டது கோச். இந்தப் பச்சை, பொங்கலுக்குச் சாப்பாடு குடுத்ததுக்கு. இது போன வருச ஆண்டு விழாவுக்கு. இந்த ஊதா எதுக்குன்னே தெரியல. மைக் ஒயர் புடுங்கிருச்சுன்னு சொருவப் போனேன், மேடைல ஆள் நிக்கிறான்னு போட்டுட்டாங்க.”

“ஒவ்வொரு தடவையும் உன்னைய வேலைய விட்டு எடுத்தாங்களா?”

“அடுத்த வாரமே மறுபடி ஆர்டர் குடுத்தாங்க.”

அவர் ஊதாவைத் தொட்டுப் பார்த்தார். “வேற யாருக்கெல்லாம் போடுவாங்க?”

“வர்றவங்க எல்லாருக்கும். ஹால் சாவி குடுத்தவருக்குப் போடுவோம். போட்டோ எடுத்தவருக்குப் போடுவோம். எங்க ஆளு ஒருத்தருக்குப் போடாம விட்டாத்தான் ஆபத்து, கோச். அவரு கோச்சுக்கிட்டுப் போய் புதுசா ஒரு சங்கம் ஆரம்பிச்சுருவாரு. இந்த ஊர்ல பாதிச் சங்கம் அப்டி வந்ததுதான்.”

முதலில் மிலாவுக்குத்தான் சிரிப்பு வந்தது. பிறகு அவருக்கு. வேன் கதவைப் பிடித்துக்கொண்டு, இடுப்பு வளைய, இருமல் வரும் வரை சிரித்தார். சிரித்து முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் கையை நீட்டினார். நான் பாக்கெட்டிலிருந்து விசிலை எடுத்து வைத்தேன்.

கடைசி மேட்ச்

எதிர் டீம், தெலுங்கு நண்பர்கள். அவர்களுக்கும் எங்களைப் போலவே தொப்பை, ஆனால் ஓடத் தெரிந்த தொப்பை. ஜெயித்தாலும் தோற்றாலும் பட்டியலில் எங்கள் இடம் மாறாது. கோச் மட்டும் வெள்ளைச் சட்டை, கோட் எல்லாம் போட்டு வந்திருந்தார். ஆகஸ்ட் வெயிலில் கோட்.

ஆட்டம் சமமாகப் போய்க்கொண்டிருந்தது. முடிகிற நேரத்தில் பந்து என்னை நோக்கி வந்தது. கோச் சொன்னபடி மரமாக நின்றேன். பந்து என் தொடையில் பட்டு, அழகாக வளைந்து, எங்கள் கோலுக்குள்ளேயே போய்விட்டது.

கோச் கோட்டைக் கழற்றித் தரையில் அடித்தார். அவர் பாஷையில் என் பரம்பரையையே விசாரித்தார் என்று நினைக்கிறேன். மிலா தன் மகளின் காதைப் பொத்தினாள்.

பிறகு ரெஃப்ரி விசில் ஊதினார். நீளமாக.

நாங்கள் தோற்றுப் போய்ப் புல்லில் விழுந்து கிடந்தோம். கோச் அசையாமல் நின்றார். மெல்ல நடந்து ரெஃப்ரியிடம் போனார். “முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது சார்.”

“மேட்சா, சீசனா?”

“ரெண்டும்தான் சார்.”

கோச் மைதானத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பார்க்கிங் பக்கம் பார்த்தார். அவரை ஏற்றிக்கொண்டு போக எந்தக் காரும் ரெடியாக நிற்கவில்லை. கோட்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். ஐஸ் பெட்டியை இழுத்துப் போட்டு அதன் மேல் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

“சீசன் முடிஞ்சா கோச் செய்ற வேல ஒண்ணு இருக்கு. அடுத்த வருசம் யாரு இருப்பா, யாரு போவான்னு சொல்லணும். நான் செஞ்சதே இல்ல. அதுக்கு முன்னாடியே நான் போயிருப்பேன்” என்றார். “ஒவ்வொருத்தரா வாங்க.”

சங்கர் சார் முதலில் போனார். “நீ இரு. வாய வீட்ல வச்சுட்டு வா” என்றார் கோச். பல் டாக்டரிடம், “நீ இரு. உன்னாலதான் ஒருத்தனாச்சும் நல்லாச் சிரிக்கிறான்” என்றார்.

நான் போய் எதிரில் நின்றேன். கோச் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். அவர் கண்ணில் ஒரு சந்தோஷம். பிளம்பரைப் பார்த்தபோதுகூட அந்தச் சந்தோஷம் இல்லை.

“நீ போலாம்” என்றார். ஒவ்வொரு எழுத்தாக, ருசித்து. வாழ்நாள் முழுக்கத் தனக்கு மற்றவர்கள் சொன்னதை முதல் தடவையாகச் சொல்கிறார்.

ஜெமிலா கைதட்டினாள். சுமையா, “ஃபைனலி!” என்றாள். என் கால்பந்து வாழ்க்கை, ஐரோப்பாவே கொண்டாடிய ஒருவர் கையால், ஐஸ் பெட்டி மேல் முடிந்தது. இதைவிடப் பெரிய முடிவு என் காலுக்கு எங்கே கிடைக்கும்? இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

“கோச், ஏன்னு தெரிஞ்சுக்கலாமா?”

“கூடாது. நான் ஒரு தடவகூடக் கேட்டதில்ல” என்றார் கோச். “தள்ளி நில்லு, அடுத்தவன் வரட்டும்.”